நிழலும் ஒரு பயிர்

வவுனியாவைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் நன்று. வேப்பங்குளம், பூவரசங்குளம், புளியங்குளம், மகிழங்குளம், நொச்சிமோட்டை. குளமும் மரமும் சேர்ந்தே ஓர் ஊராகும் என்று கருதிய மக்கள் இட்ட பெயர்கள் இவை. நீர் நிற்க ஓர் இடம் வேண்டும். அந்நீர் வெயிலில் வற்றிப் போகாதபடி காக்க மரமும் வேண்டும். குளக்கட்டின் ஓரத்தே மருதும், குளத்தின் மேற்புறத்தே அடர்ந்த மரப்பட்டியும் விட்டுவைத்த பழைய வன்னியான், நிழலை வெறும் ஓய்விடமாக எண்ணினானல்லன். நீரைப் போலவே நிழலையும் அவன் உழவின் உறுப்பாகக் கொண்டான்.

நெளுக்குளமும் அத்தகைய குளத்தூர்களுள் ஒன்று. வவுனியா நகருக்கு அயலிலுள்ள இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வீட்டுத்தோட்டம் என்ற பேச்சு புதிதன்று. துளசியும் வல்லாரையும் கற்பூரவள்ளியும் வீட்டு முற்றத்தில் வேண்டும் என்ற ஆசை இல்லாத இல்லத்தரசி அரியள். ஆயினும் கார்த்திகை மழையில் தளிர்த்துக் குலுங்கிய செடி பங்குனியில் வாடி, சித்திரையில் சருகாகிவிடும்பொழுது, "இந்த மண்ணுக்கு இது வராது" என்று சொல்லிக் கைவிடுவோர் பலர். மண்மீது சுமத்தப்படும் இப்பழி பெரும்பாலும் பொய்ப்பழியே. செடிக்குக் கிடையாது போனது நிழல். மூலிகைத் தோட்டம் அமைக்க விரும்புவோர் மூலிகைக்கு முன்னர் நிழலை நட வேண்டும் என்பதும், நிழலைப் போக்கும் எத்திட்டமும் மூலிகையை வளர்க்கும் திட்டமாகாது என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

ஏட்டிலுள்ள ஆறு மணி வெயில்

தோட்டக்கலை நூல்கள் பலவற்றிலே, மூலிகைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும் என்ற விதி காணப்படும். அவ்விதி பிழையானதன்று, அது பிறந்த நாடு வேறு. இலண்டன் மாநகரில் நடுக்கோடையிலேகூட நண்பகல் ஞாயிறு அடிவானிலிருந்து ஏறத்தாழ 62 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. நடு மாரியில் 15 பாகையோடு நின்றுவிடும். சாய்ந்து விழும் அவ்வெயிலில் ஆறு மணி நேரம் நிற்பதும், எமது ஊரில் தலைக்கு மேல் நின்று கொட்டும் வெயிலில் ஆறு மணி நேரம் நிற்பதும் ஒன்றாகுமா? மேலும் அந்நூல்கள் போற்றும் ரோஸ்மேரி, தைம் முதலியன மத்தியதரைக் கடலோரத்துச் செடிகள். அங்கே கோடை வறண்டது. மழை குளிர்காலத்தில் வருவது. வெப்பமும் ஈரமும் ஒருங்கே தாக்கும் எமது ஐப்பசி மாதத்தை அச்செடிகள் தம் பிறந்தகத்தில் அறியா. ஆகவே அவை இங்கு வேரழுகிச் சாதல் வியப்பன்று.

இலையானது ஒளியைக் கொண்டு உணவாக்கும் என்பது பாடசாலைச் சிறுவரும் அறிந்த செய்தி. ஆனால் ஒளி கூடக்கூட அவ்வுணவாக்கமும் எல்லையின்றிக் கூடிச் செல்வதில்லை. இலைக்காக நாம் வளர்க்கும் செடிகளுட் பல, நண்பகல் முழுவெயிலின் நாலிலொரு பங்கிலோ பாதியிலோ தம் தேவையை நிரப்பிக்கொள்கின்றன. அதற்கு மேற்பட்ட ஒளி இலையில் வெப்பமாகவே தங்கும். அவ்வெப்பத்தைத் தணிக்க இலை தன் நீரை ஆவியாக வெளிவிட வேண்டும். வேர் அவ்வளவு நீரை எடுத்துக் கொடுக்க இயலாதபொழுது, இலைவாய்கள் என்னும் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். அவை மூடின், காபனீரொட்சைட்டு உட்புகாது, உணவாக்கமும் குன்றிவிடும். உச்சிவெயிலில் நிற்கும் வல்லாரை ஒளியின் நடுவிலே பட்டினி கிடக்கிறது என்று கூறின் அது மிகையாகாது. மாலையிலே தண்ணீர் ஊற்றி அதனைத் தேற்றுகிறோம். மறுநாள் நண்பகலில் மீண்டும் அதே பட்டினி.

நிழலில் வளரும் இலை இதற்கு மாறானது. அது அகன்றும் மெலிந்தும் மென்மையாகவும் இருக்கும். சம்பலுக்கும் வறைக்கும் இலைக்கஞ்சிக்கும் நாம் விரும்புவது அத்தகைய இலையையே அன்றோ?

ஞாயிறு வடக்கே நிற்கும் மாதங்கள்

அரைநிழல் வேண்டும் என்றால் வீட்டின் எப்பக்கத்தே அதனைத் தேடுவது? பிறநாட்டு நூல்கள் வடபுறம் நிழல், தென்புறம் வெயில் என்று ஐயமின்றிக் கூறும். எமக்கு அக்கணக்குப் பொருந்தாது. வவுனியா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.75 பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதியில், அதாவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், நண்பகல் ஞாயிறு இங்கு நேர் உச்சியில் நிற்கும். அதன் பின்னர் ஆகஸ்ட் இறுதிவரை அது நண்பகலில் உச்சிக்கு வடக்கே நிற்கும். பிறகே தெற்கே சாயும். ஆகவே வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் வெயில் காய்வது வடசுவர். தென்சுவரின் அடியில் விழும் நிழலோ குறுகியதே. மார்கழி, தை மாதங்களில் வடபுறத்தே நல்ல நிழல் விழும் என்பது உண்மையே. ஆனால் அது முகில் மூடிய காலம். நிழல் வேண்டாத காலத்தில் நிழல் தந்து, வேண்டிய காலத்தில் கைவிடும் சுவரை நம்பித் தோட்டம் அமைத்தல் தகாது.

ஆண்டு முழுவதும் பிழையாது உதவுவது வீட்டின் கீழ்ப்புறம். அங்கே காலை வெயில் விழும். முற்பகல் கழிந்தபின் வீட்டின் நிழல் படரும். காலை வெயிலும் மாலை வெயிலும் ஒளியளவில் ஒப்பாயினும், காலையில் மண்ணும் காற்றும் குளிர்ந்திருக்கும். பிற்பகலில் அவை சூடேறியிருக்கும். மேற்புறத்தே நடும் செடி, பிற்பகல் வெயிலோடு சுவர் உமிழும் சூட்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும். எனவே வல்லாரைப் பாத்தியைக் கீழ்ப்புறத்தே இடுக. மேற்புறத்தே மரம் நடுக.

பருவத்தையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். இப்பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீற்றர் மழை பெறும். இது சிறு அளவன்று. ஆனால் அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிலான சில மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி தொடங்கி ஆவணி முடியும் வரை சோளகம் வறண்டு வீசும். இங்குள்ள செங்கபில மண் நனைந்தால் ஒட்டும்; காய்ந்தால் கல்லாக இறுகும். ஆகவே எமது செடி ஓராண்டுக்குள் இரண்டு வேறு நாடுகளில் வாழ்கிறது. ஒன்று புழுங்கி நனையும் நாடு; மற்றொன்று அனற்காற்று வீசும் நாடு. இவ்விரண்டையும் ஒருங்கே தணிப்பது மரநிழல் ஒன்றே. வறட்சியில் அது மண்ணின் ஈரத்தைக் காக்கும். காற்றின் வேகத்தை உடைக்கும். மாரியிலோ, மழைத்துளி நேரே அறைந்து மண்ணை இறுக்காதபடி தாங்கிக்கொள்ளும். உதிர்ந்த இலை மண்மீது போர்வையாகிப் பின் உரமாகும்.

எது நிழல் விரும்பும்? எது விரும்பாது?

அரைநிழல் என்பதன் அளவைக் கருவியின்றியே அறியலாம். நண்பகலில் நிலத்துக்கு மேல் ஒரு முழ உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விளிம்பு தெளிந்து விழுமாயின், அது முழுவெயில். கையின் வடிவம் தெரிந்தும் விளிம்பு மங்கியிருப்பின், அது அரைநிழல். நிழலே விழவில்லையெனின், அவ்விடம் மூலிகைக்கு மிகையான இருள். மாமரமும் புளியமரமும் தழைத்து மூடிய அடியிலே செடி வைத்து ஏமாறுவோர், நிழலின்மேல் குறை காண்பது நேர்மையன்று. அது நிழலைக் கடந்த இருட்டு.

வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரமும் அரைநிழலும் உள்ள இடத்தை விரும்புவன. கிணற்றடியிலிருந்து நீர் வழிந்தோடும் வாய்க்காலின் ஓரம் இவற்றுக்கு ஏற்ற இடம். கற்பூரவள்ளி, புதினா, இறம்பை என்பனவும் இவ்வினத்தைச் சார்ந்தவை. ஆயினும் கற்பூரவள்ளிக்கு நீர் தேங்குதல் ஆகாது. மஞ்சளும் இஞ்சியும் தென்னைக்கு இடையே ஊடுபயிராக வளர்க்கப்படுவதை யாவரும் அறிவர். தென்னோலை வழியே கசிந்து வரும் வெயில் அவற்றுக்குப் போதும். ஆடாதோடை வெயிலையும் தாங்கும், நிழலையும் தாங்கும், வேலியோரத்துக்கு உகந்தது. நாட்டு வைத்தியர் இருமலுக்கு எடுத்த இவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளைப் பின்பற்றியே, மேலைநாட்டார் புரோம்ஹெக்சின் என்னும் சளி மருந்தை ஆக்கினர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

தூதுவளை, முசுமுசுக்கை, முடக்கொத்தான் என்னும் மூன்றும் பற்றிப் படர்வன. இவை வேர் நிழலிலும் நுனி வெயிலிலும் இருக்க விரும்புவன. எமது கதியால் வேலி இவற்றுக்கு என்றே அமைந்தது போலும். மதிற்சுவர் எழுப்பிய வளவுகளில் இக்கொடிகள் மறைந்தமைக்குக் காரணம் தேடி அலைய வேண்டா. ஏறிப் படர வேலியும் இல்லை, வேர் குளிர நிழலும் இல்லை.

மறுபுறத்தே, எல்லாவற்றையும் நிழலில் ஒளித்தலும் பேதைமை. துளசியின் மணம் அதன் எண்ணெயில் உள்ளது. வெயில் குறைந்தால் செடி நெடிதாக வளருமேயன்றி மணம் குறையும். அதற்கு அரைநாள் நேர்வெயிலாவது வேண்டும். சேரை ஒரு புல். கரும்பைப் போல முழுவெயிலை உண்டு கொழுப்பது. கறிவேப்பிலையும் வெளியை விரும்பும். கொத்தமல்லித் தழையின் செய்தி வேறு. அதனை வருத்துவது வெயிலைக் காட்டிலும் வெப்பம். வெப்பம் மிகின் அது இலை விடுவதை நிறுத்தி விரைந்து பூத்துவிடும். அதனைக் கார்த்திகை, மார்கழி மாதங்களிலே விதைத்துத் தையில் கிள்ளுதலே முறை. சித்திரையில் விதைப்பவர் பூவைத்தான் பறிப்பர்.

கொடிக்கால் கற்பிக்கும் பாடம்

நிழலை முதலில் நட்டுப் பயிரைப் பின்னர் நடுதல் புதுமையான கருத்தென்று சிலர் எண்ணக்கூடும். தமிழருக்கு அது மிகப் பழகிய தொழில். தமிழ்நாட்டில் காவிரிக் கரையிலும் பிறவிடங்களிலும் உள்ள வெற்றிலைக் கொடிக்கால்களை நோக்குக. அங்கே உழவன் முதலில் விதைப்பது அகத்தி. அகத்தி எழுந்து நிழல் தரத் தொடங்கிய பின்னரே அதன் அடியில் வெற்றிலைக் கொடியை நடுகிறான். அவ்வகத்தியே கொடிக்குக் கொழுகொம்பு, அதுவே குடை. நிழல் மிகுந்தால் அதன் கிளையைக் கழித்து ஒளியைக் கூட்டுகிறான். குறைந்தால் தழைக்க விடுகிறான். கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும், கீரை வீட்டுக்கும் பயன்படும். விளக்கின் திரியை ஏற்றி இறக்குவதுபோல் ஞாயிற்றின் ஒளியை ஏற்றி இறக்கும் இக்கலையை எழுத்தறியாத உழவரும் கைவரப் பெற்றிருந்தனர்.

இக்கலையை வன்னி வளவுக்குக் கொணர்தல் கடினமன்று. அகத்தி விரைந்து வளரும்; ஆயினும் ஆயுள் குறுகியது. முருங்கையின் நிழல் மெல்லியது. அதன் சிற்றிலைகளூடே வெயில் புள்ளி புள்ளியாக விழும். கிளிசரிடியாக் கதியால் மழைக்காலத்தில் ஊன்றினால் வேர்விடும். அதன் தழை தழைச்சத்து மிகுந்த பசளை. தென்னை மூன்று நிற்குமாயின் அவற்றின் இடைவெளியே ஒரு மூலிகைப் பாத்தி. வேம்பு நெடுங்காலத்துக்கு உரியது. இன்று நடுபவர் தம் பிள்ளைகளுக்காக நடுகிறார். தேக்கை மட்டும் மூலிகைக்கு அருகே வைத்தல் வேண்டா. அதன் பேரிலைகளில் திரண்டு பெரிய துளிகளாக விழும் மழைநீர் அடிமண்ணை அரிக்கும்; கோடையில் நிழல் வேண்டியபொழுது அது இலையுதிர்த்து நிற்கும்.

கிளையைத் தறிக்கும் காலமும் இங்கு முதன்மையானது. மாரி தொடங்கும் ஐப்பசியிலே தறித்துவிட்டால், முகில் மூடிய மாதங்களில் செடிக்கு ஒளி கிடைக்கும், காற்றோட்டமும் கிடைக்கும். மழை ஈரத்தில் தளிர்த்த கிளைகள் பங்குனி வெயில் வருமுன் குடையாக விரிந்துவிடும். தறிக்காது விட்ட கிளிசரிடியா வறட்சியில் இலையுதிர்த்துப் பூத்து நிற்கும் இயல்பினது. பங்குனியிலோ சித்திரையிலோ விறகுக்காகக் கிளை வெட்டுவோர், தம் மூலிகையின் குடையைக் கொளுத்தும் வெயிலிலே பறித்துவிடுகின்றனர்.

மறுப்புரைக்கு விடை

நிழலுக்கு எதிராகக் கூறப்படுவனவற்றைப் புறக்கணித்தல் முறையன்று. முற்றத்தைக் கூட்டிப் பெருக்கி வெளியாக வைத்திருப்பது பாம்பு அச்சத்தால் என்பர். இது மெய்யான அச்சம். வன்னியில் பாம்புக்கடி கதையன்று. ஆனால் பாம்பு தங்குவது நிழலிலன்று. குவித்து வைத்த ஓட்டிலும் கல்லிலும் மட்டைக் குவியலிலும் எலி வளையிலுமே. மரத்தின் கீழ்க்கிளைகளைத் தலைக்கு மேல் உயர்த்திக் கழித்து, பாத்தியை வாயிலிலிருந்து சில அடி தள்ளி அமைத்து, குப்பைக் குவியலை அகற்றினால், நிழலும் இருக்கும். நிலமும் கண்ணுக்குத் தெரியும்.

நுளம்பு பெருகும் என்பது இரண்டாவது மறுப்பு. டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையிடுவது சிரட்டை, பழைய டயர், சாடியின் அடித்தட்டு முதலியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில். செடியை நிலத்திலே நட்டால் சாடித் தட்டு வேண்டா. தட்டு இல்லையேல் அக்குற்றமும் இல்லை.

மூன்றாவது மறுப்பே கனமானது. மழைக்காலத்தில் நிழல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சண நோய்க்கு இடந்தரும் என்பர். இது முற்றிலும் உண்மை. இஞ்சிக் கிழங்கு அழுகுவதும் கற்பூரவள்ளித் தண்டு கறுப்பதும் இதனாலேயே. இதற்கு மருந்து மரத்தை வெட்டுதலன்று. பாத்தியை ஒரு சாண் உயர்த்துதல், செடிகளை நெருக்காது நடுதல், மாலையில் இலைமேல் நீர் தெளிக்காது காலையில் வேருக்கு ஊற்றுதல், மேற்கூறியவாறு ஐப்பசியில் கிளை தறித்தல் ஆகிய நான்குமே போதிய காப்பு. காலை வெயில் இலையின் பனியை உலர்த்திவிடும். கீழ்ப்புறத்தை யாம் வற்புறுத்தியதற்கு இஃது இன்னொரு காரணம்.

மரமற்ற வளவுகள்

இத்தனையும் கூறியது தோட்டக் குறிப்பு எழுதுவதற்காக மட்டுமன்று. இந்நிலத்தின் வளவுகள் நிழலை இழந்த வரலாறு ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டிலே நெளுக்குளம் உட்பட வவுனியாப் பகுதியின் பாடசாலைகள் பல இடம்பெயர்ந்தோரின் தங்குமிடங்களாயின. செட்டிகுளத்து மெனிக் பாமில் காட்டை அழித்து வெளியாக்கிய நிலத்தில் இலட்சக்கணக்கானோர் கூடாரங்களின் கீழ் வெயில் காய்ந்தனர். 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. திரும்பிச் சென்றோருட் பலர் கண்டது கூரையற்ற வீட்டையும் தலையற்ற பனையையும் மரமற்ற வளவையுமே. பின்னர் வீடுகள் எழுந்தன. இந்திய உதவியுடன் 2012 முதல் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த பல்லாயிரம் வீடுகள் எம்மக்களுக்குப் பெருந்துணையாயின. வீட்டுக்குச் சுவர் இத்தனை, கூரை இத்தனை, கதவு இத்தனை என்று அளவு வகுத்தனர். வளவுக்கு நிழல் எத்தனை என்று வகுத்தார் எவர்?

வீட்டுத்தோட்டத் திட்டங்களும் இவ்வாறே. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய திவிநெகும முதலாகப் பல திட்டங்கள் வந்தன, விதைப்பொதிகள் வழங்கப்பெற்றன. கத்தரிக்கும் வெண்டிக்கும் மிளகாய்க்கும் வெயில் வேண்டும். அவற்றுக்கு வெளிவளவு பொருந்தும். ஆனால் அதே அளவுகோலை மூலிகைக்கும் கொண்டு, "வளவைத் துப்புரவாக்கி மூலிகை நடுக" என்றால், துப்புரவாக்கும்போதே மூலிகையின் உயிரை வாங்கியவராவோம். வேலியோரத்தில் விதைக்காமலே முளைத்து நின்ற தூதுவளையை வெட்டி எறிந்துவிட்டு, சந்தையில் வாங்கிய தூதுவளையைச் சாடியில் நட்டு வெயிலில் வைத்தல் எத்தகைய அறிவு?

இதில் உள்ள இழப்பு எத்தகையது என்பதை அண்மைக் காலம் நமக்கு உணர்த்திற்று. 2020ஆம் ஆண்டில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டபொழுது, ஒரு கிலோ மஞ்சள் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறியது. கடல்வழியே மஞ்சள் கடத்தப்பட்டுக் கடற்படையினராற் கைப்பற்றப்பட்ட செய்திகள் நாள்தோறும் வந்தன. சமையலறையில் நாளும் புழங்கும் ஒரு கிழங்கு, கடத்தற்பொருளாயிற்று. கிழங்கு நட விரும்பியவர்க்கும் அது உடனே கைகூடக்கூடியதன்று. மஞ்சள் முதிர எட்டு முதல் பத்துத் திங்கள் செல்லும். அதற்கு நிழல் தரும் மரம் முதிர அதனினும் கூடிய காலம் செல்லும். நிழலை முன்னரே உடையவன் அவ்வாண்டு கிழங்கை மட்டும் தேடினான். நிழல் இல்லாதவன் இரண்டையும் தேட வேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் வைத்தியசாலைகளிலேயே மருந்து அருகியபொழுது, சளிக்கும் இருமலுக்கும் ஒரு பிடி இலை வேலியில் இருந்த வீட்டுக்கு அது சிறு ஆறுதலாயினும் ஆறுதலே.

இங்கு ஓர் எச்சரிக்கையைச் சொல்லாது விடுதல் குற்றமாகும். மூலிகை என்றால் தீங்கற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வவுனியா மாவட்டமும், காரணம் இன்னும் முடிவாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களுள் ஒன்று. வடமத்திய மாகாணத்தில் 1990களில் இந்நோய் கவனத்துக்கு வந்தது. சிறுநீரகம் பழுதுற்றவர் கீரை வகைகளைக்கூட மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். இலைகளிலுள்ள பொட்டாசியம் அவர்க்கு இடர் தரலாம். ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த செடிகளில் உள்ள நஞ்சு சிறுநீரகத்தை அழிப்பது, பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக அத்தகைய மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்களின் துயரத்தால் 1993ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கு வெளிப்பட்டது. ஆகவே வளவில் வளர்க்க வேண்டியவை, அன்றாடம் உணவாகவும் கைமருந்தாகவும் பழகிய செடிகளே. நோய்க்கு மருந்து கொடுத்தல் கற்ற வைத்தியரின் கடமை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. கற்றவர் எம்மிடையே உளர்.

செய்யத்தக்கது யாது?

இனிமேல் வீடமைப்புத் திட்டம் வகுப்போர், வீட்டின் படத்தோடு வளவின் படத்தையும் வரைதல் வேண்டும். மேற்புறத்தே இரு மரம், கீழ்ப்புறத்தே ஒரு பாத்தி, எல்லையில் சுவருக்குப் பதிலாகக் கதியால் வேலி என்பன அதில் இடம்பெறட்டும். கட்டுமானத்துக்காக நிலம் திருத்தும்போது நிற்கின்ற மரத்தை முதலில் எண்ணி, விடக்கூடியதை விட்டபின் அத்திவாரம் வெட்டட்டும். விதைப்பொதி வழங்கும் உத்தியோகத்தர், அதனோடு இரண்டு முருங்கைத் தடியும் வழங்கட்டும்.

பாடசாலைகளுக்கு இதில் சிறப்பான இடம் உண்டு. பல பாடசாலைகளில் மூலிகைத் தோட்டம் என்ற பலகையின் கீழ் உலர்ந்த குச்சிகளையும் பெயர்ச்சீட்டுகளையும் காண்கிறோம். அப்பலகையை மைதானத்து ஓரத்திலிருந்து எடுத்து, வளவில் நிற்கும் வேம்பின் கீழ்ப்புறத்துக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரே செடியை வெயிலில் ஒன்றும் அரைநிழலில் ஒன்றுமாக நட்டு, மாணவரைக் கொண்டு இலையின் அகலத்தையும் ஊற்றிய நீரின் அளவையும் குறிக்கச் செய்தால், அது விஞ்ஞான பாடமுமாகும், ஊருக்குப் பயனுமாகும். நெளுக்குளத்துக்கு அயலே பம்பைமடுவில், 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எமது மண்ணில், எமது மழையில், எந்த மரத்தின் கீழ் எந்த மூலிகை எத்துணை விளையும் என்ற கணக்கை இலண்டனிலிருந்து எவரும் எழுதி அனுப்பப் போவதில்லை. அதனை இங்குள்ளவரே எழுதுதல் வேண்டும்.

கால் ஏக்கர் வளவில் ஒரு குடும்பம் செய்யக்கூடியது இன்னும் எளிது. கதியாலுக்குப் பணம் வேண்டா. அயல் வீட்டாரின் வேலியில் கேட்டால் கிடைக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் வளவின் மேற்புறத்தே நாலு கதியாலை ஊன்றுக. அடுத்த சித்திரையில் அவை தம் அடியில் சிறு நிழலைக் காட்டும். அதற்கடுத்த சித்திரையில் ஒரு பாத்திக்குப் போதிய குடையாகும். வல்லாரையை அப்பொழுது நடலாம். அதுவரை காத்திருக்க மனமில்லாதவர் கிடுகு வேய்ந்து ஒரு பந்தல் இடுக. இன்றேல் கடைகளிற் கிடைக்கும் நிழல்வலையைக் கட்டுக. ஆனால் பந்தலும் வலையும் கடன் வாங்கிய நிழல். கிடுகு உக்கும், வலை கிழியும். அவற்றை நம்பிக் கதியால் ஊன்றுவதை மட்டும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தல் ஆகாது.